ஏலத்தில் தோற்ற அரசாங்கம்

நாகர்கோவில்காரனான எனக்கு ஊருக்குப் போவதென்றால் திருவனந்தபுரத்தில்தான் இறங்க வேண்டும். 1935-ல் டாடா விமானம் வந்திறங்கிய இடம். அப்போது எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான்.

2019-ல் மத்திய அரசு அந்த விமான நிலையத்தை 50 வருடக் குத்தகைக்கு ஏலம் விட்டது. கேரள அரசும் தன் தொழில் வளர்ச்சிக் கழகம் மூலம் வரிசையில் நின்றது. பயணி ஒருவருக்கு 135 ரூபாய் தருவதாகச் சொன்னது. அதானி சொன்னது 168. பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் மாநிலத்துக்கே என்ற சலுகை இருந்தும் எட்டவில்லை. 2020-ல் சட்டசபை ஒருமனதாக எதிர்த்துத் தீர்மானம் போட்டது, உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது, 2021 அக்டோபரில் நிலையம் கைமாறியது.

உலகமயமானால் அரசு ஒதுங்கிவிடும் என்றுதான் கல்லூரியில் படித்தோம். இங்கே எங்கே ஒதுங்கியது? டெண்டர் போட்டல்லவா தோற்றது! (2015-ல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு அதே அதானியோடு கையெழுத்துப் போட்டதும் கேரள அரசுதான், ஆட்சி மட்டும் வேறு.)

2024-ல் பயணிகள் கட்டணம் ஏறியது. அதற்கு அனுமதி தந்தது ஒரு மத்திய அரசு ஆணையம். கட்டுவது நாம்.