ஜங்ஷன் என்றொரு ஊர்

நெல்லையில் டவுன் பஸ் ஏறி "ஜங்ஷன் ஒண்ணு" என்று சில்லறையை நீட்டுகிறவர்களில் ரயிலுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். துணி எடுக்க, அல்வா வாங்க, பஸ் மாற, வீடு திரும்ப என்று மற்றவர்களுக்கு வேறு சோலி. கேட்கிற கண்டக்டருக்கும் அது ஓர் ஊர்ப்பெயர்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. இணைத்துப் பூட்டுவது என்பது பொருள். வடமொழி 'யோகம்' அதற்குத் தூரத்து உறவு. ஆங்கிலத்தில் சாலைகள் கூடினாலும், தண்டவாளங்கள் கூடினாலும் ஜங்ஷன்தான். எலெக்ட்ரீஷியன் வயர்களைச் சேர்க்கும் பெட்டி ஜங்ஷன் பாக்ஸ். டயோடுக்குள் இருவகைக் குறைகடத்திகள் ஒட்டும் இடமும் அதே.

நமக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது ரயில். மணியாச்சியிலிருந்து 1876இல் பாதை வந்தபோது நெல்லைதான் கடைசி நிலையம். பிரியும் பாதை ஏதும் இல்லை. 1843இல் சுலோசன முதலியார் கைப்பணத்தைக் கொட்டித் தாமிரபரணிமேல் கட்டிய பாலம் பக்கத்தில் இருந்ததால், நிலையத்துக்கு 'டின்னவேலி பிரிட்ஜ்' என்றே பெயர். 1902இல் கல்லிடைக்குறிச்சிப் பாதை பிரிந்த பிறகுதான் இது ஜங்ஷன் ஆகும் தகுதி பெற்றது. அந்தப் பாதை 1904இல் கொல்லத்தைத் தொட்டது. திருச்செந்தூர்ப் பாதை 1923இலும் நாகர்கோவில் பாதை 1981இலும் சேர்ந்தன. இதற்கிடையில் நிலையத்தின் பெயர் வெளியே வந்து கடைத்தெருவுக்கும் குடியிருப்புக்கும் படர்ந்தது. வீரராகவபுரம் என்ற பழைய பெயர் பின்னுக்குப் போனது.

அரக்கோணமும் விழுப்புரமும்கூட ஜங்ஷன்கள்தான். ஆனால் அங்கெல்லாம் 'ஸ்டேஷன்' என்றாலே போதும். நெல்லையின் கதை வேறு. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பகுதி டவுன், ஆற்றுக்கு அக்கரையில் பாளையங்கோட்டை, மேலப்பாளையம் தனி. 1994இல் மாநகராட்சியாக ஒன்றாகும்வரை இவை தனித்தனி நகராட்சிகள். திருநெல்வேலி என்று மட்டும் சொன்னால் எந்தப் பகுதி என்று கேள்வி வரும். ரயிலடிப் பகுதிக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

ஜங்ஷன் ஊர்ப்பெயராக நிலைத்ததற்கு இன்னொரு காரணம் 'முக்கு'. வாகையடி முக்கு, லாலா சத்திர முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு என்று தெருக்கள் கூடும் இடத்துக்கு நெல்லைக்காரர் வாயில் ஏற்கெனவே சொல் இருந்தது. தெற்கே நாகர்கோவிலுக்குப் போனால் வேப்பமூடு ஜங்ஷன், செட்டிகுளம் ஜங்ஷன் என்று சாலைகள் கூடும் இடத்துக்கு மலையாள நாட்டு வழக்கப்படி இதே சொல். அங்கே "ஜங்ஷன்ல நிக்கேன்" என்றால் "எந்த ஜங்ஷன்?" என்று கேட்பார்கள். இங்கே கேட்க மாட்டார்கள். தெருமுனை வேலையை முக்கு பார்த்துக்கொண்டதால் ஜங்ஷன் ஒரே இடத்துக்கு உரிய பெயராக நின்றது.

பெயர்ப்பலகை 'சந்திப்பு' என்கிறது. ஊர்க்காரர் ரயிலைப் பிடிக்க 'ஜங்ஷன் ரயில்வே ஸ்டேஷன்' போகிறார். ரயில்வே இலக்கணப்படி அது கூறியது கூறல். ஜங்ஷன் என்பதிலேயே ஸ்டேஷன் அடக்கம். நெல்லை வழக்கில் 'பேட்டை ரயில்வே ஸ்டேஷன்' என்பதைப் போல அதுவும் சரியான தொடர்.