சஸ்காட்செவான் மருத்துவர் வேலைநிறுத்தம், 1962: கனடாவின் பொது மருத்துவக் காப்பீடு பிறந்த கதை

கனடாவில் குடியிருக்கும் ஒருவர் காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால், மாகாண அரசு கொடுத்த சுகாதார அட்டையைக் காட்டினால் போதும். கட்டணம் கிடையாது. மருத்துவமனையில் படுத்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாலும் பில் வராது. ஆனால் அதே மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனால் பணம் கேட்பார்கள். பல்வலி வந்தாலும் நெடுங்காலமாக அதே கதைதான். வயிற்றுவலி இலவசம், பல்வலிக்குக் காசு என்பது எந்த மருத்துவ நூலிலும் இல்லாத பாகுபாடு.

இன்னொரு புதிரும் உண்டு. அரசே பணம் கொடுத்தாலும் கனடாவின் மருத்துவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்லர். சொந்தமாகக் கிளினிக் வைத்து, பார்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வளவு என்று அரசிடம் பில் போடுகிறவர்கள். இந்த இரண்டு புதிர்களுக்கும் விடை தேடினால், 1962 கோடையில் சஸ்காட்செவான் என்ற புல்வெளி மாகாணத்தில் 23 நாள் நடந்த ஒரு மோதலிடம் போய் நிற்க வேண்டும்.

கோதுமை நிலத்துப் பழக்கம்

சஸ்காட்செவான் கோதுமை விளையும் சமவெளி. 1961 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை சுமார் 9 லட்சத்து 25 ஆயிரம்; நிலப்பரப்போ தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே மைல் கணக்கில் வெற்றுவெளி. இப்படிப்பட்ட இடத்தில் தனியாகக் கடை விரித்து ஒரு மருத்துவர் பிழைப்பது கடினம். முதல் உலகப் போர்க் காலத்தில் சார்னியா என்ற கிராமப்புற நகராட்சி, தன் ஒரே மருத்துவர் ஊரைவிட்டுப் போய்விடுவாரோ என்று அஞ்சி, வரிப்பணத்திலிருந்து ஆண்டுக்கு 1500 டாலர் கொடுத்து அவரை நிறுத்திக்கொண்டது. 1916 இல் மாகாணச் சட்டமே இதற்கு வழி செய்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து பொது மருத்துவமனை கட்டவும் அதே ஆண்டில் சட்டம் வந்தது. 1929 இல் காசநோய்ச் சிகிச்சை மாகாணம் முழுவதும் இலவசமானது. கனடாவில் அதுவே முதல் முறை.

பிறகு பெருமந்தம் வந்தது. கோதுமை விலை சரிந்தது, மழை பொய்த்தது, மேல்மண் புழுதியாகப் பறந்தது. 1928 க்கும் 1933 க்கும் இடையில் மாகாணத்தின் தலைக்குரிய வருமானம் 70 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. மருத்துவருக்குக் கோழியும் விறகும்தான் கட்டணம். அன்றைக்கு அரசுக் காப்பீடு வேண்டும் என்று சொன்னவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு கழித்து அதே திட்டத்தை எதிர்த்துக் கதவடைத்ததும் அவர்களுடைய சங்கம்தான். இடையில் நடந்தது, பண்ணைகளில் மீண்டும் பணம் புழங்கியதும், மருத்துவர்களே நடத்திய தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் வேரூன்றியதும்.

டக்ளஸும் ஐந்து டாலரும்

டாமி டக்ளஸ் 1904 இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு கனடாவின் வினிபெக் நகருக்கு வந்தபோது அவருடைய காலில் எலும்பு அழற்சி. காலை எடுத்துவிட வேண்டிய நிலை. மாணவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் இலவசமாகச் சிகிச்சை செய்து காலைக் காப்பாற்றினார். ஒரு பிள்ளையின் கால் யாரோ ஒருவரின் தயவில் தொங்கக் கூடாது என்று டக்ளஸ் பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லிவந்தார். பாப்டிஸ்ட் போதகராக வேபர்ன் ஊருக்கு வந்து, பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து, அரசியலுக்குள் இறங்கினார். 1944 இல் அவருடைய கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு மாகாண ஆட்சியைப் பிடித்தது. வட அமெரிக்காவில் சமதர்மக் கட்சி ஒன்று ஆட்சிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் போகவில்லை. 1946 ஜூலையில் ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரத்தில் மட்டும் மருத்துவரும் மருத்துவமனையும் சேர்ந்த பொதுத் திட்டம் தொடங்கியது. 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. ஆளுக்கு ஆண்டுச் சந்தா 5 டாலர், குடும்பத்துக்கு உச்சவரம்பு 30 டாலர். பத்தாண்டு கழித்து, 1957 இல், மத்திய அரசு மருத்துவமனைச் செலவில் ஏறத்தாழப் பாதியைத் தான் ஏற்பதாகச் சட்டம் இயற்றியது. 1961 க்குள் எல்லா மாகாணங்களும் அதில் சேர்ந்துவிட்டன. மத்திய அரசின் பணம் வந்ததால் சஸ்காட்செவானின் சுமை குறைந்தது. மிச்சமான பணத்தைக் கொண்டு அடுத்த படியான மருத்துவர் கட்டணத்துக்கும் காப்பீடு கொண்டுவருவதாக 1959 டிசம்பரில் டக்ளஸ் அறிவித்தார்.

1960 தேர்தல் இந்த ஒரு கேள்வியின் மேல் நடந்தது எனலாம். மருத்துவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டிப் பிரசாரம் செய்தார்கள். நம் மருத்துவர்கள் போய்விடுவார்கள், வெளிநாட்டிலிருந்து தரமற்றவர்கள் வந்து நிரம்புவார்கள் என்ற பயமும் கிளப்பப்பட்டது. டக்ளஸ் வென்றார். 1961 நவம்பரில் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதற்குள் அவர் புதிய ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவராகப் போய்விட்டார். புயலைச் சந்திக்க வேண்டியவராக முதல்வர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் உட்ரோ லாயிட்.

23 நாட்கள்

லாயிட் முன்னாள் பள்ளி ஆசிரியர், அதிகம் பேசாதவர். 1962 மே மாதம் ரெஜைனாவில் கூடியிருந்த மருத்துவர்கள் முன்னால் போய்த் தன் தரப்பைச் சொன்னார். அவர் பேசி முடித்ததும், இந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்போர் எழுந்து நிற்கலாம் என்றார் சங்கத் தலைவர். ஏறக்குறைய அரங்கமே எழுந்தது. ஜூன் 18 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் டக்ளஸே ரெஜைனாவில் தோற்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்களில் பெரும்பாலோர் கிளினிக்குகளை மூடினார்கள். சில மருத்துவமனைகளில் மட்டும் அவசரச் சிகிச்சை. அன்றே ஒன்பது மாதக் குழந்தையொன்று, பெற்றோர் மருத்துவரைத் தேடிக் காரில் போய்க்கொண்டிருந்தபோது வழியிலேயே இறந்தது. மூளைக்காய்ச்சல். மருத்துவர் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கனடா முழுவதும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

மருத்துவர்களைப் பணப்பேய்களாக மட்டும் சித்திரிப்பது எளிது; அது நியாயமாகாது. பணம் தருகிறவன் நாளைக்குச் சிகிச்சையிலும் தலையிடுவான் என்ற அச்சம் பலருக்கு உண்மையாகவே இருந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவ முறை பிடிக்காமல் கடல் தாண்டி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக ஊருக்கு ஊர் 'நம் மருத்துவர்களைக் காப்போம்' குழுக்கள் முளைத்தன. தொடங்கியவர்கள் பெரும்பாலும் இளம் தாய்மார்கள். தங்கள் பிள்ளையைப் பிரசவம் பார்த்த மருத்துவர் மூட்டை கட்டுகிறாரே என்ற கலக்கம் அவர்களுக்கு. அந்தக் கலக்கத்தின்மேல் அரசியல்வாதிகள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சட்டமன்றத்தைக் கூட்டச் சொல்லி, லிபரல் கட்சித் தலைவர் ராஸ் தாட்சர் பூட்டியிருந்த அவைக் கதவைக் காலால் உதைத்தார். புகைப்படக்காரர்கள் அங்கே தயாராக நின்றிருந்தார்கள்.

ஜூலை 11 அன்று சட்டமன்றத்தின் முன் பெரும் பேரணி. பல்லாயிரம் பேர் வருவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் சுமார் 4000. இயக்கத்தின் மூச்சு அன்றே வாங்கத் தொடங்கிவிட்டது. மறுபக்கம் பிரிட்டனிலிருந்து மருத்துவர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். சாஸ்கடூன், பிரின்ஸ் ஆல்பர்ட் போன்ற நகரங்களில் மக்களே கூட்டுறவாகச் சேர்ந்து சமூக மருத்துவ மனைகளைத் திறந்தார்கள். சாஸ்கடூனில் வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாளே கதவு திறந்துவிட்டது.

இந்தச் சண்டையை எல்லைக்கு அப்பாலிருந்தும் கவனித்தார்கள். அதே ஜூலையில்தான் அமெரிக்க செனட்டில் முதியோர் மருத்துவக் காப்பீட்டு மசோதா நான்கு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.

சாஸ்கடூன் உடன்படிக்கை

முடிச்சை அவிழ்க்க லண்டனிலிருந்து அழைக்கப்பட்டவர் டெய்லர் பிரபு. அவரே மருத்துவர்; தொழிற்கட்சிக்காரர்; பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை உருவானபோது உடனிருந்தவர். ஊதியம் வேண்டாம், வடக்கு ஏரிகளில் மீன்பிடிக்க ஏற்பாடு செய்தால் போதும் என்றாராம். இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் கைகலப்பில் முடியும் என்று கண்டு, தானே தூதராக மாறி மாறி நடந்தார். 1962 ஜூலை 23 அன்று சாஸ்கடூனில் உடன்படிக்கை கையெழுத்தானது.

அரசு விட்டுக்கொடுக்காதது ஒன்று: எல்லாருக்கும் காப்பீடு, பணம் தருவது பொது நிதி. அரசு விட்டுக்கொடுத்தது மற்ற அனைத்தும் என்று சொன்னால் சற்றே மிகை. ஆனால் அதிகத் தூரமில்லை. மருத்துவர்களைச் சம்பளத்துக்கு வைக்கும் பேச்சு போயிற்று. பார்த்த நோயாளிக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறை உறுதியானது. விரும்பினால் திட்டத்துக்கு வெளியே நின்று நோயாளியிடமே பில் போடலாம். நோயாளி அரசிடம் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். தனியார் காப்பீட்டு அமைப்புகளுக்கும் பில்களைக் கடத்தும் தரகு வேலை மிஞ்சியது.

சம்பள மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் ஒரே கூரையின் கீழ் குழுவாக வேலை செய்யும் சமூக மருத்துவ மனைகள் என்ற கனவு இதில் ஓரமாக ஒதுங்கியது. சாஸ்கடூன், ரெஜைனா, பிரின்ஸ் ஆல்பர்ட் மருத்துவ மனைகள் இன்றும் இயங்குகின்றன. ஆனால் நாட்டின் பொதுவழக்கமாக அவை ஆகவே இல்லை. அந்த 23 நாட்களில் உண்மையில் தோற்றவர்கள் யார் என்று கேட்டால் நான் மருத்துவர்களைச் சொல்ல மாட்டேன். இந்த மருத்துவ மனைகளைத்தான் சொல்வேன். மருத்துவர்களோ, கட்டணம் தவறாமல் வருவதைக் கண்டு மூன்றே ஆண்டுகளில் திட்டத்தின் ஆதரவாளர்களாகிவிட்டார்கள். கதவை உதைத்த தாட்சர் 1964 இல் முதல்வரானார். அவரும் திட்டத்தைக் கலைக்கவில்லை. 1968 இல் மருத்துவரைப் பார்க்க ஒன்றரை டாலர் என்று சிறு கட்டணம் மட்டும் போட்டுப் பார்த்தார். ஏழைகளின் மருத்துவச் சேவைப் பயன்பாடு ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் ஆய்வில் தெரிந்தது. 1971 இல் அடுத்த அரசு அதை நீக்கியது.

ஒரு மாகாணத்திலிருந்து நாட்டுக்கு

மருத்துவர் சங்கமே கேட்டுக்கொண்டதன் பேரில், பிரதமர் டீஃபன்பேக்கர் 1961 இல் நீதிபதி எம்மெட் ஹால் தலைமையில் அரச ஆணையம் அமைத்திருந்தார். ஹால் சஸ்காட்செவான்காரர், பழமைவாதக் கட்சிக்காரர். தங்களுக்குச் சாதகமாக அறிக்கை வரும் என்று சங்கம் நம்பியது. 1964 இல் வந்த அறிக்கை நாடு முழுவதும் சஸ்காட்செவான் வழியே நல்லது என்றது. அதோடு மருந்துக்கும், பிள்ளைகளின் பல் சிகிச்சைக்கும், கண்ணாடிக்கும், வீட்டுப் பராமரிப்புக்கும் பொதுநிதி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

பியர்சன் அரசு 1966 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. மருத்துவர் கட்டணம் உள்ளே. மருந்தும் பல்லும் வெளியே. செலவுக்குப் பயந்த ஒத்திவைப்பு அது. ஒத்திவைத்தது அப்படியே நிலைத்துவிட்டது. 1968 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் 1971 க்குள் பத்து மாகாணங்களும் சேர்ந்தன. 1970களின் பிற்பகுதியில் மருத்துவர்கள் கூடுதலாக நோயாளியிடமும் வசூலிப்பது பெருகவே, 1984 இல் அமைச்சர் மோனிக் பெகான் கொண்டுவந்த கனடா சுகாதாரச் சட்டம் அதற்குத் தடை போட்டது; அப்படி வசூலிக்க விடும் மாகாணத்துக்கு மத்திய நிதியில் அதே அளவு வெட்டு. ஒன்டாரியோ மருத்துவர்கள் 1986 இல் இதற்காக 25 நாள் போராடித் தோற்றார்கள்.

இன்று கனடாவின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ 70 விழுக்காடு பொதுநிதி. மிச்சத்தில் மருந்தும் பல்லும் கண்ணும் பெரும்பங்கு. 2022 இல் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் குடும்ப மருத்துவர் இல்லாமல் இருந்தார்கள். குழு மருத்துவ மனைகளே இதற்கு மருந்து என்று நிபுணர்கள் இப்போது சொல்லும்போது, சாஸ்கடூனில் 1962 இல் திறந்த கதவு நினைவுக்கு வராமல் இருக்காது.

மருந்துக்கான சட்டம் 2024 அக்டோபரில்தான் வந்தது, ஹால் அறிக்கை வந்து அறுபது ஆண்டு கழித்து. அதுவும் முதற்கட்டமாக நீரிழிவு மருந்துக்கும் கருத்தடைச் சாதனங்களுக்கும் மட்டும். மத்திய அரசோடு 2025 மார்ச் வரை இதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டவை மானிட்டோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, இளவரசர் எட்வர்ட் தீவு, யூகோன் ஆகியவை. சஸ்காட்செவான் அந்தப் பட்டியலில் இல்லை.