படி இல்லாத வீடு

மருங்காபுரி, துவரங்குறிச்சி பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற இரண்டு மூன்று படிகள் இருக்கும். அதைத் தாண்டினால் நிலைப்படி. கழிப்பறை இருந்தால் அது கொல்லைப்புறத்தில். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க முன்னோர் செய்த ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் முதுகுத்தண்டில் அடிபட்டு சக்கர நாற்காலியில் வருபவருக்கு வீடு வாசலோடு முடிந்துவிடுகிறது. சாய்தளம் 1:12 என்ற கணக்கில் அமைய வேண்டும் என்பது விதி. அதாவது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். திண்ணை இரண்டடி உயரம் என்றால் 24 அடி! பல ஊர்களில் தெருவே அவ்வளவு அகலம் கிடையாது.

வீட்டை மாற்றுவது கடினம், எனவே தனி ஊரே கட்டிவிடலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. நெதர்லாந்தில் 1962 நவம்பரில் மீஸ் பௌமன் என்ற தொலைக்காட்சி அறிவிப்பாளர் 23 மணி நேரம் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினார். மக்கள் தீப்பெட்டிகளில் பணத்தை அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு கோடி கில்டருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஆர்னெம் நகரில் எழுந்த குடியிருப்பின் பெயர் 'ஹெட் டோர்ப்', அதாவது 'கிராமம்'. அதுவரை மருத்துவமனைக் கட்டிலிலோ பெற்றோர் வீட்டு மூலையிலோ கிடந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு வாசல் கதவு கிடைத்தது. இது சாதாரண விஷயம் அல்ல.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான உதாரணம் ஆய்க்குடி. அவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வில் கலந்துகொண்டார். அங்கே கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981, ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. அந்த ஆண்டில்தான் அவர் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். 1992-இல் எஸ். சங்கரராமன் சேர்ந்தார். இவர் தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர். (கணக்குப் படித்தவர்களுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு!) பள்ளி, விடுதி, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வு மையம் என்று சங்கம் வளர்ந்தது. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆனால் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி முடிந்ததும் ஒருவர் எங்கே போவார்? தன் ஊருக்குத்தான். அங்கே அதே மூன்று படிகள்!

தனி ஊர் என்ற யோசனைக்கு எதிர்ப்பு வந்ததும் இதனால்தான். எவ்வளவு வசதியானாலும் அது ஊருக்கு வெளியே இருக்கும் இன்னொரு ஊர்தானே? இங்கிலாந்தில் கென் டேவிஸ், மேகி டேவிஸ் என்ற ஊனமுற்ற தம்பதியர் விடுதி வாழ்க்கையை மறுத்தார்கள். 1976-இல் சட்டன்-இன்-ஆஷ்ஃபீல்டு என்ற சிறு நகரத்தில் குரோவ் ரோடு வீடுகள் அவர்களது முயற்சியால் தயாராயின. கீழ்த்தளத்தில் ஊனமுற்றோருக்கான வீடுகள், மேல்தளத்தில் உடல் ஊனமில்லாத குடும்பங்கள். தேவைப்படும்போது மேல்வீட்டுக்காரர் இறங்கிவந்து உதவுவார். சுவரும் கதவும் ஒருமுறைச் செலவு, உதவியாள் மாதாமாதச் செலவு என்பதைப் புரிந்துகொண்ட திட்டம் இது. கதவை 90 செ.மீ. ஆக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு யார் தூக்கிவிடுவது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, எங்கே யாருடன் வாழ்வது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை ஒட்டியே எழுதப்பட்டது. அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடும் அதில் உண்டு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற விதிகளில் தரைத்தள வீடுகளை முன்னுரிமையாகத் தரவேண்டும் என்றும் சொல்லப்பட்டது. தரைத்தளம் கிடைத்தால் மாடிப்படி ஏற வேண்டாம், உண்மைதான். காலையில் வந்து தூக்கிவிடும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது இன்னமும் பெரும்பாலான வீடுகளில் யாரும் இல்லை. அந்த வேலையைச் செய்வது அம்மா. அவருக்கும் வயதாகிறது.