அவசர சிகிச்சைப் பிரிவில் பல நோயுள்ள முதியோர்: முதல் மதிப்பீட்டின் போதாமை

அவசர சிகிச்சைப் பிரிவில் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, உணர்வுநிலை ஆகியவற்றைப் பார்த்து நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கின்றனர். விபத்தில் அடிபட்ட இளைஞருக்கு இம்முறை நன்றாகவே பொருந்துகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் குறைபாடு, மறதிநோய் எல்லாம் ஒருசேர உள்ள எழுபத்தைந்து வயதுக்காரரிடம் அதே அளவுகோல் பிழைபடுகிறது.

நாடியைக் குறைக்கும் அட்டெனலால் போன்ற மாத்திரை உட்கொள்பவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் நாடி அவ்வளவாக விரைவதில்லை. கடுமையான தொற்றிலும் முதியவருக்குக் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே இல்லாமல், மூச்சுத்திணறலாகவோ அசதியாகவோ மாரடைப்பு வருவதுண்டு. வழக்கமாக 160 இருக்கும் ரத்த அழுத்தம் 110க்கு இறங்கியிருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. மதிப்பீட்டுச் சீட்டிலோ அது இயல்பான அளவாகவே பதிவாகும். இத்தகையோர் பச்சைப் பிரிவில் காத்திருக்க நேர்வது முறையின் குறை. பணியாளரின் அலட்சியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

திடீர் மனக்குழப்பம் இதைவிட எளிதில் தவறவிடப்படுகிறது. கூச்சலிடும் நோயாளி உடனே கவனம் பெறுகிறார். கட்டிலோடு கட்டி மயக்க ஊசி போடும் அவசரத்தில், சிறுநீர் அடைத்து அடிவயிறு புடைத்திருப்பதை யாரும் தொட்டுப் பார்க்காமல் போவதும் உண்டு. பேசாமல் சோர்ந்து கிடப்பவரோ ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லோடு விடப்படுகிறார். 1990இல் ஷாரன் இனோய் குழுவினர் வெளியிட்ட குழப்ப மதிப்பீட்டு முறை, மாற்றம் திடீரென வந்ததா என்பதைத்தான் முதலில் கேட்கிறது. அதற்கு நோயாளியால் விடை சொல்ல இயலாது. நேற்றுவரை தானே எழுந்து குளித்தாரா, பேரப்பிள்ளைகளின் பெயர் சொன்னாரா என்பது உடனிருப்பவருக்கே தெரியும். நெரிசலைக் குறைக்க முதலில் வெளியே அனுப்பப்படுபவரும் அவரே. ஒருவரையாவது நோயாளியின் அருகில் நிறுத்திக்கொள்வதைச் சிகிச்சையின் பகுதியாகவே கருத வேண்டும்.

உடனிருப்பவர் கையிலுள்ள மாத்திரைப் பையும் அவ்வளவு முக்கியமானது. அதைக் கொட்டிப் பார்த்தால் வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய அட்டைகள் கலந்து கிடக்கும். சர்க்கரையைக் குறைக்கும் ஒரே கிளிமிப்ரைடு இரு நிறுவனப் பெயர்களில் இருக்கலாம். முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோபினாக் சிறுநீரகத்தை மேலும் கெடுத்திருக்கலாம். தலையில் அடிபட்டவரின் பையில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் இருந்தால், காயம் சிறிதாயினும் ஸ்கேன் தாமதமாகக் கூடாது.

அமெரிக்காவில் அவசர மருத்துவ, முதியோர் மருத்துவ அமைப்புகள் 2014இல் முதியோர் அவசர சிகிச்சைக்கெனத் தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டன. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோருக்கான தனிச் சேவை தொடங்கியது. ஆயினும் முதியோர் மருத்துவரின் பார்வை பெரும்பாலும் வார்டில் சேர்ந்த பிறகே கிடைக்கிறது. யார் சேர்க்கப்படுவார் என்பதோ இரவுப் பணி மருத்துவரின் முதல் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

வீட்டுக்கு அனுப்பும் முடிவிலும் இதே கவனம் தேவை. கிளிமிப்ரைடால் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர் குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து பேசுவார். சிறுநீரகம் பழுதானவரின் உடலில் அம்மருந்து நீண்ட நேரம் தங்குவதால் சில மணி நேரத்தில் சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும். அவரைக் குறைந்தது ஒரு நாளாவது சேர்த்து வைத்துக் கவனிக்க வேண்டும்.