பட்டு அந்துப்பூச்சி

மல்பெரிப் பட்டு தரும் அந்துப்பூச்சி. இதன் அறிவியல் பெயர் பாம்பிக்ஸ் மோரி; 1758-இல் இதை முதலில் வகைப்படுத்தியவர் லின்னேயஸ். ‘மோரி’ மல்பெரியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆரணி, கண்ணமங்கலம் பக்கத்துப் பட்டுத் தறிகளில் பாவாகவும் ஊடையாகவும் ஓடுவது இதன் இழைதான். ஆனால் தறிக்கு அது சிட்டமாக வந்து சேர்வதால், பூச்சியைக் கண்ணால் காணும் வாய்ப்பு நெசவாளருக்குக் குறைவு.

கண்டாலும் பட்டின் நினைவு வராது. மங்கிய வெண்ணிறம், மாவு தூவியதுபோல் நுண்மயிர், சிறகில் வெளிறிய பழுப்புக் கோடுகள். விரித்த சிறகின் அகலம் 3 முதல் 5 செ.மீ. சிறகு இருந்தும் பறக்காது. சீப்புப் பல் போன்ற உணர்கொம்பால் பெண்ணின் மணத்தைப் பிடித்து, ஆண்பூச்சி சிறகைப் படபடவென அடித்தபடி நடந்தே போய்ச் சேரும்.

இதற்குக் காடு கிடையாது. கிழக்காசியக் காட்டினமான பாம்பிக்ஸ் மாண்டரினாவிலிருந்து சீன மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழக்கி உருவாக்கிய உயிர் இது. மனிதர் குடியமர்த்திய இடமே இதன் நாடு. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு, தேனி மாவட்டங்களில் நிறைய வளர்க்கிறார்கள். குளிர்நாட்டு இனங்களின் முட்டை மாதக்கணக்கில் உறங்கும். ‘தூய மைசூர்’ போன்ற வெப்பநாட்டு இனங்களுக்கு அந்த உறக்கம் இல்லை. ஆண்டு முழுதும் தலைமுறை தொடரும். தூய மைசூரின் கூடு பசுமஞ்சள். அந்த நிறம் இழையின் மேல்பசையில் இருப்பதால், சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சும்போது பசையோடு போய்விடும்.

பூச்சி எதுவும் தின்பதில்லை. அதன் வாயுறுப்பு செயலற்றது. ஒரு வாரம் அளவே வாழும். ஆயுள் முழுவதற்குமான உணவைப் புழுவே தின்று வைத்துவிடுகிறது, அதுவும் மல்பெரி இலையை மட்டும். நான்கு முறை தோலுரித்து, 25 நாள் அளவில் பொரித்தபோது இருந்ததைப்போல் சுமார் 10,000 மடங்கு எடை ஏறும். மொத்த இலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடைசிப் பருவத்தில் தின்று தீர்க்கும். வளர்ப்பவர் வீட்டில் தழை வெட்டும் வேலை ஓயாத வாரம் அது. ஈரத்தழை போட்டால் நோய் வரும். தழையே போடாவிட்டால் புழு தட்டில் கிடந்து சாகும். தேடிப் போகத் தெரியாது.

பிறகு தலையை எட்டு வடிவில் அசைத்தசைத்து, இரண்டு மூன்று நாளில் பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் கூடு கட்டும். பூச்சி துளைத்து வெளியேறினால் இழை அறுந்துவிடும் என்பதால், நூலுக்குரிய கூடுகளை முன்னதாகவே சூடேற்றிக் கூட்டுப்புழுவைக் கொன்றுவிடுகிறார்கள். முட்டைக்கென ஒதுக்கிய விதைக்கூடுகளில் மட்டுமே பூச்சி வெளிவரும். பெண் 300 முதல் 500 முட்டை இடும். இட்டதும் தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். பெப்ரின் நோய் வித்து தென்பட்டால் அதன் முட்டை அத்தனையும் அழிக்கப்படும். 1860-களில் பிரான்சில் லூயி பாஸ்டர் வகுத்த முறை இது.