சுட்ட மண்ணுக்கு மாறிய சல்லடைச் சுவர்: பிரேசிலின் கொபொகோ, 1929–1960

கொபொகோவின் வரலாற்றை 1929-இல் தொடங்குவதே வழக்கம். ரெசிஃபி நகரில் கோயிம்ப்ரா, போக்மன், கோயிஸ் என்னும் மூவர் அந்த ஆண்டு துளைகள் கொண்ட கட்டுமானக் கல்லுக்குக் காப்புரிமை பெற்றனர். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே கல்லின் பெயராயின. அது சிமெண்ட் கல். நம் ஊர்க் கடைகளில் ஜாலி என்று கேட்டு வாங்குவதற்கு நெருங்கிய உறவு. 1930களின் நடுவில் கட்டடக் கலைஞர் லூயிஸ் நூனெஸ், ஒலிண்டா குன்றின் மேல் பேராலயத்துக்கு அருகே எழுப்பிய நீர்த்தொட்டிக் கட்டடத்தின் முகப்பை இக்கற்களாலேயே மூடினார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1943-இல் நடத்திய ‘பிரேசில் பில்ட்ஸ்’ கண்காட்சி அதை வெளியுலகுக்குக் காட்டியது.

இந்த வரிசையில் விடுபடுவது, சிமெண்டின் இடத்துக்குச் சுட்ட மண் வந்த கட்டம். மலிவான காற்றோட்டச் சாதனமாக இருந்த கொபொகோ, பழைய பிரேசிலை நினைவூட்டும் முகப்பாக மாறியது அப்போதுதான் என்பது என் வாதம்.

ரியோ டி ஜெனிரோவின் லாரஞ்சேராஸ் பகுதியில், கின்லே குடும்ப மாளிகையின் தோட்ட நிலத்தில், கட்டடக் கலைஞர் லூசியோ கோஸ்டா மூன்று அடுக்ககங்களை வடிவமைத்தார்: நோவா சிந்த்ரா (1948), பிரிஸ்டல் (1950), கலெடோனியா (1954). பின்னிரண்டிலும் ஒரு சிக்கல். பூங்காவைப் பார்க்கும் முகமே மேற்கு முகமும். உச்சி வெயிலை ஒரு நீட்டுப் பலகை தடுத்துவிடும். மாலை வெயிலோ கிடையாக வந்து அதன் அடியில் நுழைந்துவிடும். கோஸ்டா நிமிர்ந்த தடுப்புப் பலகைகளையும் மண் கொபொகோக்களையும் கலந்து அடுக்கினார். கல்லின் தடிமன்தான் இங்கே வேலை செய்கிறது. துளை எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சாய்வான கதிர் உள்ளே வராமல் பக்கச் சுவரில் படும்; காற்றுக்கு அந்தத் தடை இல்லை.

மண் கல்லுக்குச் சிமெண்ட் கல்லின் ஒழுங்கு கிடையாது. உலரும்போதும் சூளையிலும் அது சுருங்கும். ஒரே சூளையில் வெந்தவற்றிலும் நிறம் சற்று மாறும். அளவு வித்தியாசத்தைக் கொத்தனார் கலவைச் சந்தில்தான் சரிக்கட்ட வேண்டும். தொலைவில் கணக்குத் தாளின் கட்டங்கள் போலத் தெரியும் முகப்பு, கிட்டே போனால் கைவேலையாகத் தெரிவது இதனால்தான்.

கோஸ்டா நவீனத்துவரின் தலைவர் மட்டுமல்லர். 1937-இல் தொடங்கிய தேசிய மரபுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பில் பல்லாண்டு பணியாற்றியவர். குடியேற்றக்கால வீடுகளின் மரச்சல்லடை ஜன்னல்களை அவர் நன்கு அறிவார். மூரியர் வழியாகப் போர்ச்சுகலுக்கும், அங்கிருந்து பிரேசிலுக்கும் வந்தவை அவை. 1808-இல் போர்ச்சுகல் அரசவை ரியோவுக்கு இடம்பெயர்ந்தது. தலைநகரின் தோற்றத்துக்கு அந்த ஜன்னல்கள் பொருந்தாதவை என்று கருதி, அடுத்த ஆண்டே அகற்ற உத்தரவிட்டனர். அவமானம் என்று கழற்றப்பட்ட சல்லடை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், செல்வந்தர் குடியிருப்பின் முகப்பில் மண்ணாகத் திரும்பிவந்தது. கோஸ்டா இதை அறியாமல் செய்திருக்க வாய்ப்பில்லை.

அதே காலத்தில் அஃபோன்சோ எடுவார்டோ ரெய்டி, ரியோவின் அரசு ஊழியருக்காகப் பெட்ரெகுல்யோ குடியிருப்பை வடிவமைத்தார். குன்றின் வளைவோடு 260 மீட்டர் நெளியும் அக்கட்டடத்தில் கொபொகோ இருப்பது பொது நடைகூடங்களில். ஒரே கல் ஓரிடத்தில் அலங்காரம், இன்னோரிடத்தில் அன்றாடப் பயன்பாடு. கோஸ்டா திட்டமிட்டு 1960-இல் திறப்பு விழா கண்ட பிரேசிலியாவில் இரண்டாவது வழியே வென்றது. அங்குள்ள பல அடுக்ககங்களில் கொபொகோ பின்பக்கத்தில் நின்று, சமையலறையையும் துணி காயும் கொடிகளையும் மறைக்கிறது. முன்பக்கம் கண்ணாடிக்குப் போயிற்று. குளிர்சாதனம் வந்து முன்பக்கத்தை மூடியபின்னும், ஈரத்துணிக்குக் காற்று தேவைப்பட்டதால் பின்பக்கத்துக் கொபொகோவுக்கு வேலை இருந்தது.