பங்களாப் புதிரும் லயத்துப் பல்லாங்குழியும்

'பழைய சாமான் வீட்டுக்கு அழகா, இடைஞ்சலா?' இதுதான் இந்த வார அரங்கத்தின் கேள்வி. பழசு என்றதும் நம்மவர்கள் பித்தளை அண்டாவைத்தான் சொல்வார்கள். நான் ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிச் சொல்கிறேன். மரத்தில் அறுத்த படப்புதிர், அதாவது ஜிக்சா.

1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேச வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகள் வழியாகவே அறுத்து விற்றார். பூகோளப் பாடம் படிக்கத்தான். விலை அதிகம், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே கிடைத்தது. ஜேன் ஆஸ்டின் 1814-இல் வெளியிட்ட 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' நாவலில், ஏழை வீட்டுப் பெண் ஃபேனிக்கு ஐரோப்பா வரைபடத்தைச் சேர்க்கத் தெரியவில்லை என்று பெரியம்மா பெண்கள் ஏளனம் செய்கிறார்கள். பொம்மையிலும் அந்தஸ்து பார்த்தார்கள், பாருங்கள்!

அப்புறம் கதைப் படங்கள் வந்தன. ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' கதையை 1790-இல் ஜான் வாலிஸ் புதிராக வெளியிட்டார். அதே கதையைத்தான் திருநெல்வேலிக்காரரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற தமிழ்க் காப்பியமாகத் தந்தார்.

இவற்றைச் சேகரிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. மிகப் பழைய புதிர்களில் பல துண்டுகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்காது. கை பட்டால் நகர்ந்துவிடும். பார்த்துச் சேர்க்கப் பெட்டி மேல் படமும் இருக்காது. முழுதாகச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு துண்டு குறைவது தெரியும். குறைந்தால் விலையும் இறங்கும். பெட்டிக்குள் அந்தக் காலப் பிள்ளையின் பெயரும் ஆண்டும் எழுதியிருந்தால் சேகரிப்பவருக்குக் கொண்டாட்டம்தான்.

இனி நம் கேமரன் மலைக்கு வருவோம். 1885-இல் வில்லியம் கேமரன் அளக்கப் போன மலை. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1934-இல் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளியே வந்துவிட்டது. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். வெள்ளைக்காரப் பிள்ளை விளையாடிய மரத்துண்டுக்கு இன்று ஏலத்தில் விலை உண்டு, செய்தவர் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. லயத்துப் பிள்ளையின் பல்லாங்குழிக் கட்டைக்கும் பம்பரத்துக்கும் என்ன உண்டு? வீடு மாறும்போது அடுப்புக்குப் போனவை எத்தனையோ!

கொழுந்துக் கூடையோ, சம்பளச் சீட்டோ, தோட்டப் பள்ளிக்கூடத்துப் படமோ வீட்டில் மிஞ்சியிருந்தால், பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு? மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதன் கூடவே வையுங்கள்.